எதை எதால வகுக்கணும்?

வாட்ஸ்அப்ல அப்பப்போ அந்த ஃபார்வர்டு சுத்தி வந்துடுது. அந்தக் காலத்து மளிகைக்கடைக்காரர் முப்பது சாமான் விலைய வாயிலயே கூட்டி சொல்லுவாராம், இப்ப இருக்குற பசங்க ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா போனைத் தேடுறாங்களாம், எல்லாம் இந்த கால்குலேட்டர் வந்து பண்ணின வேலையாம். அனுப்புறவங்க பெரும்பாலும் ரிட்டையர்டு ஆனவங்க, கீழ ஒரு கும்பிடு எமோஜி வேற இருக்கும். பதில் டைப் பண்ண ஆரம்பிச்சு பாதியில அழிச்சுடுவேன், குடும்ப குரூப்ல வாதாடி ஜெயிச்சவங்க யாருமில்ல. அதான் இங்க வந்து எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம். நம்ம ஊர் ஸ்கூல்ல எங்கங்க கால்குலேட்டர் குடுத்தாங்க? ஸ்டேட் போர்டுல பத்தாவது கணக்குப் பரீட்சைக்கும் கிடையாது, பன்னெண்டாவதுக்கும் கிடையாது. பன்னெண்டாவது பிசிக்ஸ் கணக்குக்கு இன்னமும் கிளார்க்ஸ் டேபிள்தான், அந்த மடக்கைப் புஸ்தகத்தைப் புரட்டி புரட்டி ஓரமெல்லாம் கருத்துப்போய் கிடக்கும். காலேஜ் போய் இன்ஜினியரிங் சேர்ந்தாத்தான் கையில காசியோ கால்குலேட்டர் வருது. அப்போ ஒன்னாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கணக்குப் பாடத்துல கால்குலேட்டர தொடவே விடாம வளர்த்த பசங்கதான் வகுத்தல் தெரியாம வெளிய வர்றாங்க, இதுக்கு எப்படி அந்த மிஷின் மேல பழி போடுறது?

கதை விடல. ஏசர்னு ஒரு சர்வே இருக்கு, கிராமங்கள்ல வீடு வீடாப் போயி பிள்ளைங்களை ஒவ்வொருத்தரா உக்கார வெச்சு கணக்கு குடுத்துப் பாப்பாங்க. மூணு இலக்க எண்ணை ஒரு இலக்க எண்ணால வகுக்கணும், அவ்வளவுதான் கணக்கு. 2024 அறிக்கைப்படி இந்தியா முழுக்க அஞ்சாம் வகுப்புப் பசங்கள்ல அதைச் சரியாப் போட்டவங்க 30.7 சதவீதம். சரி சின்னப் பசங்கன்னு விடுவோம், அதுக்கு முந்தின வருஷம் 14ல இருந்து 18 வயசு வரைக்கும் இருக்குறவங்ககிட்ட அதே மாதிரி கணக்கைக் குடுத்தாங்க, 43.3 சதவீதம் பேருக்குத்தான் வந்துச்சு. கிட்டத்தட்ட வேலைக்குப் போற வயசு!

அப்புறம் எப்படி பாஸ் ஆகுறாங்கன்னு கேப்பீங்க. எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ். பத்தாவது கணக்குல 100க்கு 35 எடுக்கணும். அதுல வடிவியல் வரையறதுக்கு 8, கிராப்புக்கு 8, ஆக 16 மார்க் ஸ்கேலும் காம்பஸும் இருந்தா வந்துடும். ஒரு மார்க் கேள்வி 14, புஸ்தகத்துக்குப் பின்னாடி இருக்குறத மனப்பாடம் பண்ணினா அதுல பாதிக்கு மேல தேறும். உறவு, சார்புன்னு முதல் பாடத்துல ரெண்டு மூணு கேள்வி. முடிஞ்சுது, பாஸ். ஸ்லோ லேர்னர்ஸ்னு பேர் வெச்சு சாயங்காலம் உக்கார வெச்சு சொல்லித் தர்றது இதைத்தான், வாத்தியாரைக் குத்தம் சொல்ல முடியாது, ரிசல்ட் கேக்குறாங்க அவரு என்ன பண்ணுவாரு. ஆனா இந்த ரூட்ல வர்ற பையனுக்கு சதவீதம்னா என்னன்னு எந்த இடத்துலயும் யாரும் திரும்ப கேக்குறதில்ல. அது ஏழாவது எட்டாவதுலயே வந்துட்டுப் போயிடுச்சு, வாழ்வியல் கணிதம்னு பேரு, ஜிஎஸ்டி தள்ளுபடி கூட்டுவட்டி எல்லாம் அதுல இருக்கு. வாழ்க்கைக்கு வேணும்னு பேர் வெச்ச பாடத்த, ஃபெயில் ஆக்கவே மாட்டோம்ங்கற வகுப்புல வெச்சுட்டு பத்தாவதுல திரும்பத் திரும்ப கிராப் போட வைக்குறோம்.

அந்த மளிகைக்கடைக்காரர் கதைக்கும் ஒரு வார்த்தை. திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடிய வருஷக்கணக்குல வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ஏத்துவாங்க, முழு எண் வாய்ப்பாடு மட்டும் இல்ல, மாகாணின்னா பதினாறுல ஒன்னு, காணின்னா எண்பதுல ஒன்னு, முந்திரின்னா முந்நூத்தி இருபதுல ஒன்னு, இதுக்கெல்லாம் தனித்தனியா பெருக்கல் வாய்ப்பாடு. நெல்லளக்க, நிலம் அளக்க, கூலி பிரிக்க எது வேணுமோ அதுதான் பாடம். பிரமாதமான விஷயம்தான், ஆனா அந்தத் திண்ணையில யார் யாரை உக்கார விட்டாங்கன்னு கேட்டா குரூப் அமைதியாயிடும். என் ஆத்தா ஒன்னும் அங்க உக்காரல.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் யூனிட்ல கணக்கு பாக்குறேன். கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு எல்லா டேபிள்லயும் ஒரு கால்குலேட்டர் கிடக்கும், பட்டன் எண்ணெல்லாம் தேஞ்சு போய். அதனால கணக்கு தெரியாதவங்க கையில கால்குலேட்டர் என்ன பண்ணுதுன்னு எனக்கு தினமும் தரிசனம். பொய் விடை சொல்லுதா? சொல்லாது. கேட்ட கேள்விக்கு துல்லியமா பதில் சொல்லும், பிரச்சனையே கேட்ட கேள்விதான்.

அதுலயும் மிஷினுக்கு மிஷின் கேள்விய வேற வேற மாதிரி புரிஞ்சுக்கும், இது நிறைய பேருக்குத் தெரியாது. போன்ல 100 பிளஸ் 5 அப்புறம் சதவீத பட்டன் தட்டினா 105. அதையே டேபிள் மேல வைக்குற காசியோ சிலதுல தட்டிப் பாருங்க, 2100 வரும். பயந்துடாதீங்க, ரிப்பேர் இல்ல. நூத்தையும் அஞ்சையும் கூட்டி, அது அஞ்சுல எத்தனை சதவீதம்னு அது பதில் சொல்லுது. அதுகிட்ட 105 வேணும்னா 100 பெருக்கல் 5 சதவீதம் போட்டு அப்புறம் பிளஸ் தட்டணும். 2100 வந்தாவது பரவால்ல, எவனுக்கும் சந்தேகம் வரும். லாரி வாடகை 500, அது கூட 5 சதவீத வரியோட 200 ரூபா சாமான்னு வெச்சுக்குங்க, 500 + 200 × 1.05ன்னு வரிசையா தட்டினா போன்ல 710, கடை கால்குலேட்டர்ல 735. அது முதல்ல கூட்டிட்டு மொத்தத்தையும் பெருக்கிடும். 735ங்கறது பாத்தா தப்பு மாதிரியே இருக்காது, பில்லுல ஏறிடும். இதுக்குத்தான் எம் பிளஸ், எம் ஆர்னு மெமரி பட்டன் வெச்சிருக்கான், அதை அமுக்குற ஆளை நான் எங்க யூனிட்ல பாத்ததில்ல, எல்லாரும் நடுவுல வர்ற தொகைய அட்டைப்பெட்டி மூடியில கிறுக்கி வெச்சுக்குறாங்க, அந்தப் பெட்டி லோடுல போயிடும்.

ஓவர்டைம் இன்னொரு கூத்து. அஞ்சரை மணி நேரம் வேலை பாத்தா நோட்டுல 5.30ன்னு எழுதுறாங்க, மணிக்கு 70 ரூபான்னா அப்படியே 5.30 × 70 தட்டி 371. நியாயமா 5.5 × 70, 385. அந்த 14 ரூபா யாருக்குப் போச்சு? முதலாளி திருடல, சூப்பர்வைசர் திருடல, புள்ளி திருடிச்சு. தப்பு எப்பவும் வேலை செஞ்சவங்க பக்கமே விழும், ஏன்னா அரை மணிய முப்பதா எழுதினா புள்ளிக்கு அப்புறம் அம்பதுக்கு பதிலா முப்பதுதானே நிக்கும்.

டஜன் கணக்கு வந்தா இன்னும் மோசம். பீஸ் ரேட்ல தைக்குறவங்களுக்கு டஜனுக்கு இவ்வளவுன்னு கூலி. ஏழு டஜன் பத்து பீஸ்னா நோட்டுல 7-10ன்னு போடுவோம், அது பழைய வழக்கம், அதுல ஒரு தப்பும் இல்ல. புதுசா சேர்ந்த பி.காம் தம்பி ஒருத்தர் சனிக்கிழமை சம்பளம் போடுறப்போ அந்த கோட்டைப் புள்ளியா எடுத்துக்கிட்டு 7.10னு தட்டி 48 ரூபாயால பெருக்கிட்டாரு. 340 ரூபா 80 பைசா. ஓவர்லாக் தையல் மிஷின்ல இருக்குற அக்கா காசை வாங்கி எண்ணிட்டு அங்கயே நின்னாங்க.

"ஏனுங் தம்பி, முப்பத்தஞ்சு ரூபா கொறையுதுங்களே."

"இல்லீங்க்கா, கால்குலேட்டர்ல போட்டுத்தான் குடுத்தேன், இந்தா பாருங்க."

"அதை நீங்களே வெச்சுக்குங்க சாமி. எட்டு டஜன்னு வைங்க, முந்நூத்தி எம்பத்தி நாலு. அதுல ரெண்டு பீஸ் இல்ல, பீஸுக்கு நாலு ரூபா, எட்டைக் கழிங்க. முந்நூத்தி எழுவத்தி ஆறு வருதுங்களா?"

தம்பி மறுபடியும் 7.10 × 48 தட்டி மறுபடியும் 340.80னு காட்டுனாரு, சத்தியமா. அக்கா அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. நான் போயி 94 பீஸ், நாலால பெருக்குங்கன்னு சொன்ன அப்புறம்தான் அவருக்கு முகம் மாறுச்சு. நல்ல பையன், சோம்பேறி எல்லாம் இல்ல, டிகிரியில மார்க்கும் ஜாஸ்தி. 7.1ங்கறது ஏழு டஜனும் இன்னொரு டஜன்ல பத்துல ஒரு பங்கும்னு அவருக்கு யாரும் ஒரு தடவை கூட கையில காட்டினது இல்ல, அவ்வளவுதான். எட்டு டஜன்கிட்ட வருது, எட்டு நாப்பது 320, அப்புறம் ஒரு அம்பது சொச்சம், 340 எப்படி வரும்னு ஒரு உறுத்தல் வரணுமே, அது வரல. கணக்கு தெரியும்னு நான் சொல்றது இந்த உறுத்தலைத்தான். அக்காவுக்கு அது வயித்துல இருக்கு, அவங்க காசு.

அக்கா பண்ணின மாதிரி கணக்கை பிரேசில்ல 1985லயே எழுதி வெச்சிருக்காங்க. ரெசிஃபேங்கற ஊர்ல தெருவுல தேங்காய், எலுமிச்சை விக்குற பசங்ககிட்ட டெரெசினா நூனிஸும் கூட ரெண்டு ஆய்வாளர்களும் சாதாரண கஸ்டமர் மாதிரி போய் சாமான் கேட்டு, எவ்வளவு ஆச்சு, மீதி எவ்வளவுன்னு கேட்டிருக்காங்க. 98 சதவீதம் சரியான விடை. ஒரு தேங்காய் 35ன்னா பத்து எவ்வளவுன்னு கேட்டப்போ பையன் ஒரு பூஜ்யம் சேக்கல, மூணு 105, இன்னொரு மூணு சேத்தா 210னு மூணு மூணா ஏறி 350க்கு வந்து சேந்திருக்கான். அதே பசங்களை அப்புறம் உக்கார வெச்சு அதே கணக்கை வெறும் எண்ணா பேப்பர்ல குடுத்தா 37 சதவீதம்தான். நம்ம நாட்டுலயும் பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோவும் அவங்க கூட்டாளிங்களும் கொல்கத்தா, டெல்லி சந்தைகள்ல வேலை செய்யுற 1,400க்கும் மேல பசங்களை வெச்சுப் பாத்து 2025ல நேச்சர் பத்திரிகையில போட்டாங்க, அங்கயும் அதே கதை, கடையில மின்னல் மாதிரி கணக்கு போடுற பையன் பள்ளிக்கூட வகுத்தல்ல முழிக்குறான். அதை விட எனக்கு முக்கியமாப் பட்டது மறுபக்கம்: பக்கத்து ஸ்கூல்ல படிக்குற பசங்களுக்கு பேப்பர் கணக்கு கொஞ்சம் வருது, ஆனா கடைக் கணக்கு வரல. ரெண்டுக்கும் நடுவுல பாலமே இல்ல. எங்க அக்காவும் தம்பியும் ரெண்டு கரையில நின்ன மாதிரிதான்.

பாலம் இல்லாத இடத்துல என்ன ஆகும்னா, தெருக்கணக்கு ஒரு அளவுக்கு மேல ஏறாது. அதே அக்காகிட்ட தண்டல் பத்திப் பேசிப் பாருங்க. 10,000 ரூபா தண்டல், கையில 8,500தான் குடுப்பான், தினம் 100 ரூபா, நூறு நாள். வட்டி எவ்வளவுக்கான்னு கேட்டா "பதினஞ்சு பர்சென்டுங் கண்ணு, பேங்க்குல கேட்டா என்னென்னமோ பேப்பர் கேக்குறான், இதே பரவால்ல"ம்பாங்க. கால்குலேட்டரும் அதைத்தான் சொல்லும், 1,500ஐ 10,000ஆல வகுங்கன்னு சொன்னா 15 சதவீதம்னு அழகா காட்டும். ஆனா அவங்க கைக்கு 10,000 வரவே இல்லையே, 8,500தானே. அதுவும் நூறு நாளும் அவங்ககிட்ட இருக்கல, மறுநாள்ல இருந்தே நூறு நூறா திரும்பிப் போகுது, சராசரியா பாத்தா அவங்க கையில இருந்தது 4,250 ரூபா பக்கம்தான். 1,500ஐ அதால வகுத்தா 35 சதவீதம், அதுவும் மூணே கால் மாசத்துக்கு. வருஷத்துக்கு மாத்தினா 120ஐ தாண்டும். ரெண்டு வகுத்தலுக்கும் ஒரே பட்டன்தான், எதை எதால வகுக்கணும்ங்கறதுக்கு மட்டும் பட்டன் இல்ல.

தண்டல்காரன் மட்டும்னு நினைக்க வேண்டாம். டூவீலர் லோன்ல பிளாட் ரேட் 10 சதவீதம்னு சொல்வாங்க, ஒரு லட்சம், ரெண்டு வருஷம், வட்டி 20,000, மாசம் 5,000. பெருக்கிப் பாருங்க சரியா இருக்கும்னு கால்குலேட்டரை நம்ம பக்கமே திருப்பிக் காட்டுவான், காட்டுறதுல ஒரு தைரியம் பாருங்க. குறையுற அசலுக்குக் கணக்குப் போட்டா அது 18 சதவீதத்துக்கு மேல. ஆடித் தள்ளுபடியில 50 சதவீதம் பிளஸ் 20 சதவீதம்னு போர்டு பாத்து எழுபது சதவீதம்னு ஓடுறதும் இதேதான், ஆயிரம் ரூபா சேலை 500 ஆகி 400ல நிக்கும், 300க்கு வராது. கணக்கு தெரியாதவங்களுக்கு எதிரா கால்குலேட்டர் ஒரு சாட்சி மாதிரி நிக்குது. மிஷினே சொல்லுதுன்னா அதுக்கு மேல யாரு பேசுவா.

இதுக்காக பசங்ககிட்ட இருந்து கால்குலேட்டர புடுங்கணும்னு நான் சொல்ல வரல, சொல்லப்போனா நேர் எதிர். அமெரிக்காவுல 1986லயே ஹெம்ப்ரீ, டெசார்ட்னு ரெண்டு பேரு 79 ஆய்வை ஒன்னு சேத்துப் பாத்தாங்க. வழக்கமான பாடத்தோட கூட கால்குலேட்டரும் பயன்படுத்தின பசங்களுக்கு பேப்பர் பென்சில் கணக்கு கெட்டுப் போகல, நாலாம் வகுப்பு மட்டும் விதிவிலக்கு. நாலாவதுல மட்டும் ஏன்னு யோசிச்சா எனக்கு ஒன்னு தோணுது, நீள வகுத்தலும் பெரிய பெருக்கலும் கையில பதியுற வயசு அதுதானே, அந்த நேரத்துல மிஷின் நடுவுல வந்தா இடிக்கத்தான் செய்யும். இங்கிலாந்துல 2014ல இருந்து தொடக்கப்பள்ளி முடிக்குற பரீட்சைல கால்குலேட்டர எடுத்துட்டாங்க, சரி அந்த வயசுக்கு அது நியாயம். நாம என்னடான்னா பன்னெண்டாவது வரைக்கும் கணக்குப் பாடத்துல தொடாதேன்னு சொல்லிட்டு, வேலைக்குப் போன முதல் நாள் கையில குடுத்து ஓட்டுன்னு விட்டுடறோம். ஆறாவது ஏழாவதுலயே வகுப்புல வெச்சு, தட்டுறதுக்கு முன்னாடி சுமாரா எவ்வளவு வரும்னு எழுது, அப்புறம் தட்டு, ரெண்டும் ஏன் ஒத்துப் போகலன்னு சொல்லுன்னு பழக்கினா 340.80ஐப் பாத்து அந்தத் தம்பிக்கு உறுத்தியிருக்கும். 2022ல நம்ம கவர்மெண்ட் எண்ணும் எழுத்தும்னு திட்டம் கொண்டு வந்தது எட்டு வயசுக்குள்ள அடிப்படை வந்துடணும்னுதான், நல்ல காரியம், ஆனா அடிப்படை வராமலே தப்பிச்சு ஏற்கெனவே மேல் வகுப்புக்கு வந்தவங்க கதி?

இப்போ கால்குலேட்டர் கூட பழசாயிடுச்சு, எல்லாம் எக்செல். கால்குலேட்டர்லயாவது நாம தட்டுறோம்னு ஒரு நினைப்பு இருக்கும், எக்செல்ல எவனோ எப்பவோ போட்ட ஃபார்முலா உள்ள உக்காந்திருக்கும், நாம எண்ணை மட்டும் மாத்துவோம். எங்க யூனிட்ல நூல் வாங்குறதுக்கு அப்படி ஒரு ஷீட்டு. நூல் வாங்கி நிட்டிங் போட்டு டையிங் போய் வந்தா எடை குறையும், கலருக்கும் துணிக்கும் தக்கபடி மாறும், 8 சதவீதம்னு வெச்சுப்போம். ஆயிரம் கிலோ துணி வேணும்னா எவ்வளவு நூல் வாங்கணும்? ஷீட்டுல பெருக்கல் 1.08னு இருந்துச்சு, 1,080 கிலோ. பத்துல எட்டு பேர் அப்படித்தான் சொல்வாங்க. ஆனா 1,080ல 8 சதவீதம் போனா 86.4, மிச்சம் 993.6 கிலோதான். ஆறரை கிலோ பக்கம் துணி குறையும், பீஸுக்கு 160 கிராம்னா நாப்பது பீஸ். ஒவ்வொரு ஆர்டர்லயும் கடைசியில ஒரு பெட்டி நிறையாம, கட்டிங் மாஸ்டர் வேஸ்ட் பண்றாரு, டையிங்காரன் நூலைத் திங்குறான்னு மாத்தி மாத்தி சண்டை நடக்கும். 1,180 ரூபா ஜிஎஸ்டியோட பில்லுல இருந்து 18 சதவீதத்தைக் கழிச்சு அசல் 967.60னு எழுதுற தப்போட கூடப்பொறந்தது இது, அங்க அசல் 1,000. சேத்த சதவீதத்தைக் கழிச்சா பழைய இடத்துக்கு வராது, வகுத்துத்தான் வரணும்.

நான் ஷீட்டுல பெருக்கல் 1.08ஐ எடுத்துட்டு வகுத்தல் 0.92னு மாத்துனேன், 1,086.96 வந்துச்சு. பர்ச்சேஸ் ஆர்டர் பாத்துட்டு முதலாளி போன் பண்ணினாரு, ஏம்மா ஏழு கிலோ சேத்திப் போட்டிருக்கேன்னு. விளக்கிச் சொன்னா எட்டு சதவீதம்னா எட்டு சதவீதம்தானேங்குறாரு, நான் எவ்வளவு சொன்னாலும் ஏறல. சரிங்க சார், உங்க டேபிள் கால்குலேட்டர்ல 1,086.96 போடுங்க, அதுல எட்டு சதவீதம் கழிங்கன்னேன். தட்டுற சத்தம் போன்ல கேட்டுச்சு. அப்புறம் 1,080 போட்டு கழிக்கச் சொன்னேன், மறுபடியும் சத்தம்.

"அப்ப இத்தன வருஷமா மாஸ்டர நான் திட்டுனது?"

அதுக்கு நான் ஒன்னும் சொல்லல. ஆர்டர் 1,087 கிலோன்னே போச்சு.